ஃபோர்டு மாடல் டி இன்ஜின்: கோளாறைத் தேடும் முன் ஆண்டைத் தேடுங்கள்

மாடல் டி வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். தண்ணீர் கொதிக்கிறது, ஒரு சிலிண்டர் பற்றாமல் மிஸ் அடிக்கிறது, உள்ளே ஏதோ தட்டுகிறது. நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: எந்த ஆண்டு இன்ஜின்? வண்டியின் ஆண்டு எனக்கு வேண்டாம், இன்ஜினின் ஆண்டுதான் வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. 1908-இல் டெட்ராய்ட்டின் பிக்கெட் அவென்யூ தொழிற்சாலையில் தொடங்கி 1927 மே வரை, இந்த வண்டி ஒன்றரைக் கோடி வெளிவந்தது. அளவில் இன்ஜின் மாறவேயில்லை. நான்கு சிலிண்டர், மூன்றே முக்கால் அங்குல போர் (சிலிண்டர் விட்டம்), நான்கு அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 177 கன அங்குலம், சுமார் 20 குதிரைத்திறன். அதனால் எல்லாம் ஒன்றுதான் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். உள்ளே நடந்த மாற்றங்களோ ஏராளம். சைல்ட் ஹெரால்ட் வில்ஸ், ஜோசப் கலாம்ப், எட்வர்ட் ஹஃப் போன்றவர்கள் போட்ட முதல் வடிவத்தில் எங்கெங்கே குறை தெரிந்ததோ அங்கங்கே ஃபோர்டு கை வைத்துக்கொண்டே வந்தது. இன்று நம்மிடம் வரும் அறிகுறிகளில் பாதி, அன்று அவர்களிடம் வந்த அதே புகார்கள். அதற்கு அவர்கள் என்ன மாற்றினார்கள் என்று தெரிந்தால், கை எங்கே போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொன்று. வண்டி நின்ற பிறகும் இன்ஜின் மட்டும் 1941 ஆகஸ்ட் வரை தயாரானது. 1914 பாடிக்குள் 1924 பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதி), அதன் மேல் வேறொரு ஆண்டின் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) என்று கலந்து கிடப்பது சாதாரணம். ஆகவே காகிதத்தை நம்பாமல் இரும்பைப் பாருங்கள்.

ஆண்டைக் கண்டுபிடிப்பது

வண்டியில் உட்கார்ந்து முன்னோக்கிப் பார்த்தால், இன்ஜினின் இடப்பக்கம் தண்ணீர் நுழையும் குழாய்க்கு மேலே ஒரு சின்ன மேடை இருக்கும். பெரும்பாலான பிளாக்குகளில் எண் அங்கேதான் அடிக்கப்பட்டிருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் துடைத்து, சாய்வாக டார்ச் அடித்துப் படியுங்கள். பிறகு வலப்பக்கம் வாருங்கள். வால்வு ஸ்பிரிங்குகள் மூடியே இல்லாமல் வெளியே தெரிந்தால் அது 1911-க்கு முந்தைய வார்ப்பு. இரண்டு தகட்டு மூடிகள் இருந்தால் அதற்குப் பிந்தையது. ஒரே நீள மூடி என்றால் 1920-களுடையது. பிளாக்கின் முன்புறத்தில் பல்சக்கரத்தால் ஓடும் தண்ணீர் பம்ப் இருந்தால், முதல் 2,500 இன்ஜின்களில் ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதைத் தொடும் முன் விவரம் தெரிந்த ஒருவரை அழையுங்கள்.

ஹெட்டைப் பாருங்கள். தட்டையாக, உயரம் குறைவாக இருந்தால் பழையது. மேலே புடைத்து உயரமாக இருந்தால் 1917 மாடலோடு வந்தது. இன்ஜினின் பின்னால் சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீலைச் சுற்றி ஸ்டார்ட்டருக்கான பல்வளையமும், முன்புறம் டைனமோ மாட்டும் இடமும் இருந்தால் 1919 அல்லது அதற்குப் பின். இவ்வளவையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு கீழே போகலாம்.

கிராங்க் அடித்தால் பற்றவில்லை, அல்லது கை உதைபடுகிறது

கை உதைபட்டால் முதலில் நிறுத்துங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இடப்பக்கம் இருக்கும் ஸ்பார்க் லீவர் (தீப்பொறி விழும் நேரத்தை மாற்றுவது; மேலே ஏற்றினால் பிந்தும்) முழுக்க மேலே இல்லை என்று அர்த்தம். லீவர் மேலே இருந்தும் உதைத்தால், எந்தச் சிலிண்டருக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்று பிரித்துவிடும் டைமரை இழுக்கும் கம்பி வளைந்திருக்கிறது. மணிக்கட்டு முறிந்தவர்கள் கதை இந்த வண்டியோடு சேர்ந்தே பிறந்தது. கிராங்கை இடது கையால் பிடியுங்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். கீழிருந்து மேலே இழுங்கள். ஒருபோதும் மேலிருந்து அமுக்காதீர்கள்.

ஸ்பார்க் இடம் சரியாக இருந்தும் பற்றாவிட்டால் டைமரைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு சிறு உருளை சுற்றி நான்கு தொடுமுனைகளைத் தொட்டுக்கொண்டே போகும். அதற்குப் போட்ட ஆயில் குளிரில் இறுகினால் உருளைக்கும் முனைக்கும் நடுவே படலமாக நின்றுவிடும், மின்சாரம் போகாது. குளிர்காலத்தில் அந்த ஆயிலில் நான்கில் ஒரு பங்கு மண்ணெண்ணெய் கலக்கச் சொன்னது ஃபோர்டின் கையேடு. இன்றும் அதுதான் தீர்வு.

குளிரில் இன்னொரு தொல்லை: கிராங்க் அடிக்க அடிக்க வண்டியே உங்கள் மேல் ஊர்ந்து வரும். கிளட்ச் தட்டுகளுக்கு நடுவே ஆயில் கெட்டியாகி ஒட்டிக்கொள்வதால் வருவது இது. ஹேண்ட் பிரேக்கை முழுக்கப் பின்னால் இழுங்கள். அல்லது பின் சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கி, பிரேக்கை விட்டுவிட்டால் இன்ஜினும் லேசாகச் சுற்றும். தூக்காத சக்கரங்களுக்குக் கட்டை வைக்க மறக்க வேண்டாம்.

பேட்டரியில் ஓடுகிறது, மேக்னெட்டோவுக்குத் திருப்பினால் இருமி நிற்கிறது

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது. பத்தில் பல தடவை, ஒரு சின்ன ஸ்பேனரும் ஒரு துண்டுத் துணியும் போதும். ஆனால் விவரம் தெரியாதவர்கள் இன்ஜினையே இறக்கிவிடுகிறார்கள்.

ஃபிளைவீலில் V வடிவில் 16 காந்தங்கள். அவற்றுக்கு எதிரே, அசையாமல் நிற்கும் வளையத்தில் 16 காயில்கள். ஃபிளைவீல் சுற்றச் சுற்ற மின்சாரம் பிறக்கிறது. இதுதான் மேக்னெட்டோ. அது ஒரே ஒரு முனை வழியாக, கியர்பாக்ஸ் மேல்மூடியின் உச்சியில் இருக்கும் தொடுமுனை வழியாக, வெளியே வருகிறது. இந்த இன்ஜினில் கியருக்கும் கிராங்க்குக்கும் ஃபிளைவீலுக்கும் ஒரே ஆயில்தான். கியர் உருளைகளை இறுக்கிப் பிடிக்கும் பேண்டுகளின் லைனிங் பருத்தி நாடா. அது தேயத் தேய, பஞ்சுத் தும்பு ஆயிலில் மிதக்கும். உலோகத் துகளும் சேர்ந்து அந்தத் தொடுமுனையின் ஸ்பிரிங்கில் போய் அப்பிக்கொள்ளும்.

கம்பியைக் கழற்றுங்கள். மூன்று ஸ்குரூக்களை எடுங்கள், முனை அப்படியே மேலே வந்துவிடும். நான் ஒருமுறை எடுத்தபோது, அதன் ஸ்பிரிங்கைச் சுற்றித் தேங்காய் நார் போலக் கறுத்த ஒரு பொதி தொங்கியது. கையில் எடுத்துப் பிழிந்தால் ஆயில் வடிந்து, நடுவே வெண்கலப் பொடி மின்னியது. துடைத்து மாட்டினோம், முதல் இழுப்பிலேயே மேக்னெட்டோவில் ஓடியது.

துடைத்தும் சரியாகவில்லையா? அந்த முனைக்கும் இன்ஜின் இரும்புக்கும் இடையே ஒரு 12 வோல்ட் கார் பல்பைக் கோத்து, பேட்டரியில் இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். வேகம் ஏற ஏற வெளிச்சம் பிரகாசமாக வேண்டும். மங்கலாகவே இருந்தால் இரண்டில் ஒன்று: காந்தம் பலவீனமாகிவிட்டது, அல்லது காந்தத்துக்கும் காயிலுக்கும் இடையே தூரம் கூடிவிட்டது. அந்த இடைவெளி ஒரு அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.8 மி.மீ. இருக்க வேண்டும்.

இங்கேதான் பேரிங் உள்ளே வருகிறது. இன்ஜினுக்குள் சுற்றும் கிராங்க் தண்டை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பது பின்பக்க மெயின் பேரிங்கின் மூடி. அதன் ஒயிட் மெட்டல் (பேரிங்கின் மென்மையான உலோகப் பூச்சு) ஓரம் தேய்ந்தால் ஃபிளைவீலே நகரும், இடைவெளி மாறும். முன்புறக் கப்பியை ஒரு கடப்பாரை முனையால் மெல்ல நெம்பிப் பாருங்கள். கண்ணுக்கே தெரியும்படி கிராங்க் முன்னும் பின்னும் போனால், காந்தத்தில் குற்றமில்லை, அந்த மூடியில்தான் வேலை. நகர்வு மிகவும் கூடினால் காந்தம் காயிலிலேயே உரசும். அந்த நிலையில் ஓட்டவே கூடாது.

காந்தம்தான் பலவீனம் என்றால் இன்ஜினை இறக்காமலே மறுபடி காந்தமேற்ற முடியும். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: பேட்டரிக் கம்பி தவறி அந்தத் தொடுமுனையில் பட்டால் காந்தம் செத்துவிடும். 1919-க்குப் பிந்தைய வண்டியில் பேட்டரியும் மேக்னெட்டோவும் அருகருகே வந்துவிட்டதால் இந்த விபத்துக்கு வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட வண்டியில் மேக்னெட்டோ திடீரென்று செத்தால், யாராவது வயரிங்கைத் தொட்டார்களா என்றுதான் முதலில் விசாரிக்க வேண்டும். ஹெட்லைட் 1915 முதல் மின்சாரத்துக்கு மாறி இதே மேக்னெட்டோவில் எரிந்தது. ஸ்டார்ட்டர் இல்லாத அந்த வண்டிகளில் இன்ஜின் மெதுவானால் விளக்கு மங்கும். அதைக் கோளாறு என்று எண்ணிக் கம்பிகளைப் பிடுங்க வேண்டாம்.

மேக்னெட்டோவில் ஓடும்போது ஸ்பார்க் லீவரை இறக்கினால் இன்ஜின் சீராக மாறாமல் தாவித் தாவி மாறுவதாகச் சிலர் குறைப்படுவார்கள். அதுவும் கோளாறில்லை. 16 காந்தம் என்பதால் ஒரு சுற்றில் 16 உச்சங்கள்தான் கிடைக்கும். ஸ்பார்க் அந்த உச்சங்களில்தான் விழும். 22½ டிகிரிக்கு ஒரு படி.

ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது

எது என்று கண்டுபிடிக்க விரல்களே போதும். காயில் பெட்டியின் மூடியைத் திறங்கள். நான்கு மரப்பெட்டிக் காயில்கள், ஒவ்வொன்றின் தலையிலும் துடிக்கும் ஒரு தகடு. இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, இரண்டு விரல்களால் 1-ஆம், 4-ஆம் தகடுகளை அமுக்கிப் பிடியுங்கள். அவை துடிப்பதை நிறுத்தும், 2-உம் 3-உம் மட்டும் ஓடும். இரண்டும் சீராக ஓடினால் கோளாறு நீங்கள் அமுக்கியிருக்கும் இரண்டில் ஒன்று. பிறகு மூன்று தகடுகளை அமுக்கி ஒவ்வொன்றாக விட்டுப் பாருங்கள். தகட்டைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள், அடி பலமாக இருக்கும்.

எந்தச் சிலிண்டர் என்று தெரிந்ததும் அந்தக் காயிலைப் பக்கத்துக் காயிலோடு இடம் மாற்றுங்கள். மிஸ்ஸும் கூடவே நகர்ந்தால் காயில் போய்விட்டது. பழைய காயிலுக்குள் மெழுகுத்தாள் கண்டென்சர் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அது கசியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். புதிய கண்டென்சர் போட்டு, காயில் இழுக்கும் மின்னோட்டம் 1.3 ஆம்பியர் வரும்படி தகட்டைச் சரிசெய்யுங்கள். காதால் கேட்டு டியூன் பண்ணுவது வேண்டாம், நான்கும் ஒரே நேரத்தில் அடிக்காது.

மிஸ் நகரவில்லையென்றால் பிளக், டைமர் முனை, அதற்கு வரும் வயர் ஆகியவற்றைப் பாருங்கள். வெடிக்கும் வரிசை 1-2-4-3. டைமரை மாற்றியவர் இன்றைய கார் நினைப்பில் 1-3-4-2 போட்டுவிட்டிருப்பார். அப்போது இரண்டு சிலிண்டர் செத்துக் கார்புரேட்டர் வழியே வெடிக்கும்.

மூன்றும் சரி, ஆனாலும் மிஸ் என்றால் வால்வு. இக்னிஷனை அணைத்து, கிராங்க்கைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். அரைச் சுற்றுக்கு ஒருமுறை கனமாக வர வேண்டும். ஒன்று லேசாக வழுக்கிப்போனால் அந்தப் பிளக் துளையில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி சுற்றுங்கள். கனம் கூடினால் பிஸ்டன் ரிங், கூடாவிட்டால் வால்வு. இந்த இன்ஜினில் வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பட்டைத் திருகிச் சரிசெய்யும் வசதியே கிடையாது. வால்வை உரச உரச அது ஆசனத்தில் கீழே இறங்கும், தண்டின் அடி டேப்பட்டில் முட்டும், வால்வு முழுக்க மூடாது. தண்டின் அடியைத்தான் தேய்க்க வேண்டும். இடைவெளி 1/64 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, 1/32-ஐத் தாண்டக்கூடாது. தேய்க்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக. அதிகம் போனால் திரும்ப ஒட்ட முடியாது.

பழைய ஃபோர்டு வால்வுகளில் தலை வார்ப்பிரும்பு, தண்டு எஃகு, இரண்டும் சேர்த்துச் செய்தவை. தலை கழன்று பிஸ்டன் மேல் விழுந்த இன்ஜின்கள் உண்டு. ஹெட்டைக் கழற்றிய கையோடு ஒரே துண்டு வால்வுகள் போட்டுவிடுங்கள். பழைய ஹெட் கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். உலர்வாகச் சுரண்டாதீர்கள், நனைத்து எடுங்கள்.

தண்ணீர் கொதிக்கிறது

முதல் 2,500 தவிர மற்ற எல்லா இன்ஜின்களிலும் தண்ணீர் பம்ப் கிடையாது. சூடான நீர் தானே மேலேறி, ஹெட்டிலிருந்து ரேடியேட்டரின் தலைக்குப் போய், ஆறி அடிக்கு இறங்கி, மறுபடி பிளாக்குக்குள் வரும். இந்தச் சுழற்சிக்கு ஒரே நிபந்தனை, மேல்குழாய் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் சுழற்சி அறுந்து, பிளாக்கில் இருப்பது மட்டும் கொதிக்கும்.

மட்டம் சரி என்றால் ஸ்பார்க்கைப் பாருங்கள். லீவரை மேலேயே வைத்து ஓட்டினால் எந்த ரேடியேட்டரும் தாங்காது. அதுவும் சரி என்றால் ரேடியேட்டரின் தகடுகளை விரலால் அசைத்துப் பாருங்கள். குழாயோடு பற்றவைத்த ஈயம் விட்டுப்போய்த் தகடு தளர்ந்து ஆடினால், தண்ணீர் நன்றாக ஓடினாலும் சூடு தகட்டுக்கு இறங்காது. வெளியே பார்க்கப் புதுசு போலத் தெரியும் ரேடியேட்டர்கள் ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். உள்ளே எத்தனை முறை கழுவினாலும் பயன் இல்லை, புதிய உள்பகுதிதான் தீர்வு.

ஃபோர்டும் இந்தப் புகாரைக் கேட்டதுதான். 1917-இல் வந்த உயர ஹெட்டில் தண்ணீருக்கு இடம் அதிகம். 1926-இல் ஃபேனைத் தண்ணீர் வெளியேறும் குழாய் மேலேயே ஏற்றினார்கள். கடையில் தனியாகக் கிடைக்கும் பம்பை மாட்டச் சொல்பவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். நல்ல ரேடியேட்டர் உள்ள டி-க்கு அது தேவையில்லை, கெட்ட ரேடியேட்டரை அது காப்பாற்றவும் காப்பாற்றாது.

உள்ளே தட்டுகிறது

சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள். மேட்டில் மட்டும் தெளிவாகக் கணீரென்று கேட்டு, ஸ்பார்க் லீவரை ஏற்றினதும் அடங்கினால் ஸ்பார்க் முந்திவிட்டது. ஏற்றியும் தொடர்ந்தால் கார்பன், ஹெட்டைக் கழற்றிச் சுரண்ட வேண்டும். சுமையேறும்போது அடியிலிருந்து தொம் தொம் என்று கனமாக வந்தால் மெயின் பேரிங். சமதரையில் வேகமாகப் போய் கை த்ராட்டிலைச் சட்டென்று மூடியதும் டக்டக்கென்று சுத்தியல் சத்தம் வந்தால், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட். காயில் தகட்டை அமுக்கும் அதே வித்தை இங்கும் உதவும்: எந்தத் தகட்டை அமுக்கும்போது சத்தம் குறைகிறதோ அந்த ராட்.

முதல் சிலிண்டரின் ராட் தட்டினால் பேரிங்கை இறுக்குவதோடு நிறுத்தாதீர்கள். இந்த இன்ஜினில் ஆயில் பம்ப் இல்லை. ஃபிளைவீல் காந்தங்கள் வாரி இறைக்கும் ஆயில் ஒரு புனலில் விழுந்து, உள்ளே ஓடும் மெல்லிய குழாய் வழியாக முன்புறப் பல்சக்கரங்களுக்குப் போய், அங்கிருந்து ராட்டுகளுக்கு அடியிலுள்ள பள்ளங்களை நிரப்பிக்கொண்டு பின்னால் திரும்பும். முன்பு சொன்ன அதே பஞ்சுத் தும்பு அந்தக் குழாயை அடைத்தால், முதலில் காய்வது முதல் ராட். நீண்ட மேட்டில் ஆயில் பின்னுக்கு ஓடுவதால் அங்கேயும் அதே கதிதான். குழாயைக் காற்றடித்துத் திறந்துவிடுங்கள். வெளியே இன்னொரு குழாய் போட்டு முன்னுக்கு ஆயில் கொண்டுபோவது நல்ல யோசனை, நான் எல்லாருக்கும் சொல்கிறேன்.

1924 வரை எண்ணெய்த் தொட்டியில் பள்ளம் மூன்றுதான். நான்காவது ராட் ஃபிளைவீல் பக்கத்து ஆயிலை நம்பியிருந்தது. அதன்பின் நான்கு பள்ளம் வந்தது. தொட்டியை எப்படியும் கழற்றுகிறீர்கள் என்றால் நான்கு பள்ளத் தொட்டிக்கு மாறிவிடுங்கள்.

ஆயில் மட்டத்தைக் காட்ட ஃபிளைவீல் கூட்டின் பின்பக்கம் ஒன்றன் கீழ் ஒன்றாகத் திறந்து மூடும் இரண்டு சின்னக் காக்குகள் இருக்கின்றன. மட்டம் இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். கீழ்க் காக்கைத் திறந்து ஆயில் வராவிட்டால் இன்ஜினை ஓட்டக்கூடாது. வண்டிக்கு அடியில் படுத்துத் திறக்க வேண்டியிருக்கிறது என்பதற்காகப் பலர் பார்ப்பதேயில்லை, ராட் போவதற்கு முக்கியமான காரணம் அதுதான்.

ராட்டை இறுக்க, 1911 முதல் தொட்டியின் அடியில் ஒரு தனி மூடி உண்டு. அதைக் கழற்றினால் கை உள்ளே போகும். அதற்கு முந்தைய தொட்டி என்றால் இன்ஜினையே இறக்க வேண்டும். ராட் மூடிக்கும் ராட்டுக்கும் முதலில் பஞ்ச் அடையாளம் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஷிம் (மெல்லிய தகடு) இருந்தால் ஒன்றை எடுங்கள். இல்லாவிட்டால் மூடியின் இரு முனைகளையும் அரத்தில் சமமாக ஒருசில இழுப்பு தேயுங்கள். மாட்டி, கிராங்க்கைச் சுற்றிப் பாருங்கள். லேசான பிடிப்பு வர வேண்டும். வந்ததும் அந்த ராட்டைத் தளர்த்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்கும் முடிந்த பிறகே எல்லாவற்றையும் இறுக்கிக் காட்டர் பின் போடுங்கள்.

மேட்டில் இழுக்கவில்லை

பெட்ரோல் சீட்டுக்கு அடியிலிருந்து தன் எடையிலேயே கார்புரேட்டருக்கு இறங்குகிறது. டேங்க் பாதிக்குக் கீழே இருந்தால் செங்குத்து மேட்டில் இறங்காது. அன்று ரிவர்ஸில் ஏறினார்கள். 1926-இல் பெரும்பாலான பாடிகளில் டேங்க் இன்ஜினுக்குப் பின்னால் உயரத்துக்குப் போனதும் இந்தத் தொல்லை ஒழிந்தது. பெட்ரோல் வருகிறது, ஆனாலும் சோம்பலாக இருக்கிறது என்றால் ஹெட்டைப் பாருங்கள். பழைய தட்டை ஹெட்டில் கம்ப்ரஷன் விகிதம் சுமார் 4.5, உயர ஹெட்டில் 4-க்குச் சற்றுக் குறைவு. உங்கள் 1913 வண்டியில் உயர ஹெட் உட்கார்ந்திருந்தால் சக்தி குறைவது இயல்பு. 1926-க்குப் பிந்தைய வேப்பரைசர் கார்புரேட்டர் இருந்தால், அதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுப் பழைய ஹோலி கார்புரேட்டரைப் போடுங்கள்.

அதிர்வு, பின்னால் ஆயில் ஒழுகல்

எண்ணெய்த் தொட்டியின் இரண்டு கைகள்தான் இன்ஜினின் பின்பாதியைச் சட்டத்தில் தாங்குகின்றன. அவை தகட்டில் அடித்துப் பற்றவைத்தவை. விரிசல் விட்டால் தொட்டி தொங்கும், கிராங்க்கும் கியரும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. கிராங்க் மெயின் கழுத்து ஒன்றேகால் அங்குலம்தான், அந்த வளைவை நீண்ட நாள் தாங்காமல் ஒருநாள் முறிந்துவிடும். இதற்காகத்தான் 1926 பிளாக்கில் பின்னால் இரண்டு காதுகள் வைத்து, கியர்பாக்ஸ் மூடியை நேரே பிளாக்கோடு போல்ட் போட்டார்கள். அதற்கு முந்தைய இன்ஜின் என்றால், கைகளின் அடியை மண்ணெண்ணெயில் துடைத்து, சுண்ணாம்புத் தூள் பூசி, சற்று நேரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் ஆயில் ஒரு கோடாக எழும். கோடு தெரிந்தால் வண்டி அந்த இடத்திலேயே நிற்கட்டும். தொட்டியை இறக்கி, நேராக்கி, பற்றவைத்த பிறகுதான் அடுத்த கிராங்க்.